கிளை பிரியும் இடம்

பைபாஸ் செய்ய மார்பைத் திறக்கும் அறுவை மருத்துவர், இதயத்துக்குப் புதுவழி போட முதலில் தேடுவது நெஞ்செலும்பின் பின்புறமாக இறங்கும் ஒரு மெல்லிய தமனியை. அதன் கீழ்முனையை விடுவித்து, அடைப்புக்கு அப்பால் இதயத் தமனியில் தைத்துவிடுகிறார். 1964இல் லெனின்கிராடில் வசிலி கொலெசோவ் இந்த வேலையைச் செய்தபோது வெளியுலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1986இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக் தன் பத்தாண்டுக் கணக்கை வெளியிட்டது. கால் சிரையை மட்டும் வைத்துத் தைத்துக்கொண்டவர்களைவிட, மார்புத் தமனியையும் பயன்படுத்திக்கொண்டவர்கள் கூடுதலாகப் பிழைத்திருந்தார்கள். அந்தத் தமனி லேசில் அடைத்துக்கொள்வதில்லை என்பதுதான் காரணம்.

யோசித்தால் இது விசித்திரம். மேசைமேல் படுத்திருப்பவருக்கு இதயத் தமனிகளில் மூன்று இடத்தில் 'பிளாக்'. அவர் வருடக்கணக்கில் ஊதிய சிகரெட்டின் நஞ்சு மார்புத் தமனிக்கும் போய்ச் சேர்ந்ததுதான். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, எல்டிஎல் கொலஸ்டிரால் எல்லாம் இரண்டுக்கும் பொது. ஒரே ரத்தம் ஓடும் இரண்டு குழாய்களில் ஒன்று கெட்டுப்போகிறது. சில சென்டிமீட்டர் தள்ளி இருப்பது பெரும்பாலும் சுத்தமாக இருக்கிறது. மார்புத் தமனிக்கென்று சில தனிக்குணங்கள் உண்டு, அது நிஜம். ஆனால் கெட்டுப்போன தமனிக்குள்ளேயே இந்தப் பாகுபாடு தொடர்கிறது. ஒரு வளைவில் கொழுப்புக் கட்டி, இரண்டு விரற்கடை தள்ளி வழுவழுப்பான சுவர். பரிசோதனைக் கூடத்துச் சீட்டில் கொலஸ்டிராலுக்கு ஓர் எண் இருக்கிறது. இடத்துக்கு எண் இல்லை.

அந்த இடங்களின் பட்டியலைப் பிணக்கூறாய்வு செய்தவர்கள் வெகுகாலமாக அறிவார்கள். கழுத்துத் தமனி மூளைக்கும் முகத்துக்குமாகப் பிரியுமிடத்தில் உள்ள புடைப்பு, அதிலும் வெளிப்பக்கச் சுவர். இதயத்தின் இடது தமனி இரண்டாகும் இடம். பெருந்தமனி வில்லின் உள்வளைவு. சிறுநீரகத் தமனிகள் கிளம்பும் வாய். தொப்புளுக்குக் கொஞ்சம் கீழே பெருந்தமனி இரண்டு கால்களுக்குமாகப் பிளக்கும் கவை. நேராகச் செல்லும் நீளமான பகுதிகள் பெரும்பாலும் தப்பித்துக்கொள்கின்றன.

இது வயதானவர்களின் சங்கதியும் இல்லை. 1953இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கப் படைவீரர்களின் இதயங்களைத் திறந்து பார்த்தது. சராசரி வயது 22. அவர்களில் 77.3 சதவீதத்தினரின் இதயத் தமனிகளில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் இருந்தது. இக்காலத்துத் தீனியைத்தான் குறை சொல்ல வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு 2013இல் இன்னொரு பதில் கிடைத்தது. எகிப்து, பெரு, அமெரிக்கத் தென்மேற்கு, அலூசியத் தீவுகள் என நான்கு நிலப்பகுதிகளைச் சேர்ந்த 137 பதப்பட்ட உடல்களை சி.டி. ஸ்கேனில் வைத்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒன்றில் தமனித் தடிப்பின் சுண்ணாம்புத் தடம் தெரிந்தது. பீட்சா கண்டுபிடிக்கப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே தமனிகள் கிளை பிரிந்துகொண்டுதான் இருந்தன.

வளைவிலும் கிளையிலும் அடைப்பு வருகிறது என்றதும் எவருக்கும் வண்டல்தான் நினைவுக்கு வரும். ஆறு திரும்புமிடத்தில் உட்கரையில் நீர் மந்தமாகி மணலைப் போட்டுவிட்டுப் போகிறது. அப்படியே ரத்தமும் கொழுப்பைப் போட்டுவிட்டுப் போகிறது என்ற விளக்கம் மருத்துவமனை வராந்தாவில் தினமும் கேட்கக்கூடியது. கேட்க இதமான விளக்கம், நடப்பதோ வேறு. எல்டிஎல் துகளின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடக்குறைய. அந்த அளவில் எதுவும் கனத்தால் அடியில் போய்ப் படியாது. அதைவிட முக்கியம், கட்டி இருப்பது குழாயின் உட்பரப்பின் மேல் இல்லை. உட்பரப்புக்கு அடியில், சுவருக்குள். தமனியின் உள்பக்கத்தை ஒற்றைச் செல் கனத்தில் மூடியிருக்கும் எண்டோதீலியம் என்ற படலத்தைத் தாண்டித்தான் கொழுப்பு உள்ளே போயிருக்கிறது. அதைத் தேடி வெள்ளணுக்களும் உள்ளே போயிருக்கின்றன. யாரோ கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

திறந்தது யார் என்ற விசாரணை ஐம்பது வருடத்துக்கு மேல் நடந்திருக்கிறது. அதன் தொடக்கத்தில் ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு வாக்குமூலங்கள் இருக்கின்றன.

முதலாவது டொனால்ட் ஃப்ரை என்ற அமெரிக்கருடையது. தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்த அவர், நாய்களின் பெருந்தமனிக்குள் ஓர் அடைப்பானைச் செருகி, ரத்தம் நெருக்கமான வழியில் பீறிட்டு ஓடும்படி செய்தார். சுவரை உரசிக்கொண்டு பாயும் ரத்தத்தின் விசை சுமார் 38 பாஸ்கலைத் தாண்டியபோது உட்படலச் செல்கள் சிதைந்தன, உரிந்தன. 1968இல் வந்த அந்தக் கட்டுரை தெளிவாக இருந்தது, அளவுகள் இருந்தன, படங்கள் இருந்தன. வேகமாக ஓடும் ரத்தம் சுவரைக் காயப்படுத்துகிறது. காயத்தில் கொழுப்பு ஏறுகிறது. இதைவிடத் தர்க்கமாக ஒன்றைச் சொல்வது கடினம்.

மறு வருடமே லண்டன் இம்பீரியல் கல்லூரியிலிருந்து காலின் காரோ, ஃபிட்ஸ்-ஜெரால்ட், ஷ்ரோட்டர் மூவரும் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். இறந்தவர்களின் தமனிகளில் தொடக்கநிலைக் கொழுப்புக் கீற்றுகள் எங்கே இருக்கின்றன என்று குறித்துக்கொண்டு, அங்கே ரத்தம் எப்படி ஓடியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். கீற்றுகள் இருந்தது வேகமான இடத்தில் இல்லை. உரசல் மிகக் குறைவான இடத்தில். ரத்தம் அறைந்து பிரியும் கிளை முனை சுத்தமாக இருந்தது. எதிர்ப்பக்கச் சுவர், ஓட்டம் அப்படியே சோம்பிக் கிடக்கும் பக்கம், மஞ்சள் பூத்திருந்தது.

ஃப்ரை கண்டது பொய்யில்லை. 38 பாஸ்கலில் செல்கள் உரியத்தான் செய்யும். ஆனால் ஓய்வாக இருக்கும் உடலில், நல்ல நிலையில் உள்ள தமனிச் சுவர் சந்திக்கும் உரசல் பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஏழு பாஸ்கலுக்குள். சோதனையில் உண்மையாக இருப்பது உடலில் உண்மையாக இருக்க வேண்டும் என்றில்லை. காரோ குழுவினரின் நிலையும் சுவாரசியமானது. இடத்தைச் சரியாகச் சொன்னவர்கள், ஏன் என்பதற்குச் சொன்ன காரணம் முழுதாக நிற்கவில்லை. ஓட்டம் மந்தமான இடத்தில் சுவரிலிருந்து கொழுப்பு ரத்தத்துக்குத் திரும்புவது தடைப்படுகிறது என்று அவர்கள் நினைத்தார்கள். கிட்டத்தட்ட வண்டல் கதையின் படித்த வடிவம். செல்லுக்கு அதில் வேலை ஒன்றும் தரப்படவில்லை.

ஒரு பாஸ்கல், இரண்டு பாஸ்கல் என்று எழுதும்போது அது எவ்வளவு என்று கை உணர்வதில்லை. நாம் பிரஷர் பார்க்கும்போது அளப்பது ரத்தம் சுவரை வெளிநோக்கித் தள்ளும் விசை. சராசரியாக 100 மில்லிமீட்டர் பாதரசம் என்றால் சுமார் 13,300 பாஸ்கல். உரசல் என்பது ஓடுகிற திசையில் சுவரின் மேற்பரப்பை இழுக்கும் விசை. ஒன்றரை பாஸ்கல் என்று வைத்துக்கொண்டால் முன்னதில் ஏறத்தாழ ஒன்பதாயிரத்தில் ஒரு பங்கு. சாதாரண ஜெராக்ஸ் தாள் இரண்டை மேசைமேல் வைத்தால் மேசை எவ்வளவு அழுத்தத்தை உணருமோ அவ்வளவு. இந்த அற்ப விசைதான் தமனியின் நடத்தையை மாற்றுகிறது என்று சொன்னால் பொறியாளர்கள் முதலில் நம்ப மறுத்தது இயல்பு.

நம்பவைத்தவர்களில் பொறியாளர்களும் இருந்தார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்து நோய்க்குறியியலாளர் சீமோர் கிளாகோவ், அறுவை மருத்துவர் கிறிஸ்டஃபர் ஸாரின்ஸ், ஜார்ஜியா டெக்கின் டான் கிடன்ஸ், டேவிட் கூ ஆகியோர் 1980களில் கழுத்துத் தமனியின் கவையை மாதிரியாகச் செய்து, அதற்குள் இதயத் துடிப்பின் தாளத்தில் திரவத்தை ஓடவிட்டு, லேசர் கொண்டு வேகத்தை அளந்தார்கள். இன்னொரு பக்கம், பிணக்கூறாய்வில் கிடைத்த நிஜத் தமனிகளில் கட்டியின் கனத்தை அளந்தார்கள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தபோது காரோ சொன்னதோடு ஒரு புது விவரமும் சேர்ந்தது. கட்டி கனத்திருந்த இடத்தில் உரசல் குறைவு என்பதோடு, அதன் திசையும் ஒவ்வொரு துடிப்பிலும் மாறிக்கொண்டிருந்தது. இதயம் சுருங்கும்போது முன்னே, தளரும்போது பின்னே. அந்தப் புடைப்புக்குள் ரத்தம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை மனம் மாறுகிறது.

வெகுஜன மருத்துவக் கட்டுரைகள் இதைக் கொந்தளிப்பு என்று எழுதிவிடுகின்றன. கொந்தளிப்பு என்பது வேகத்தின் குணம். கழுத்துப் புடைப்பில் நடப்பது மந்தமான சுழல், முன்பின்னாக ஆடும் ஓட்டம். தவறான சொல் தவறான பயத்தைத் தரும். வேகமாக நடந்தால், ஓடினால் ரத்தம் கொந்தளித்துத் தமனியைக் கெடுக்கும் என்று யாராவது முடிவுகட்டிக்கொண்டால் அது தலைகீழ் முடிவாகிவிடும்.

இனி அந்த ஒற்றைச் செல் படலத்துக்கு வரலாம். நீண்ட காலம் அது குழாய்க்குள் பூசிய மேற்பூச்சு என்றே கருதப்பட்டது. அதன் தலையெழுத்தை மாற்றியவர் நியூயார்க் புரூக்ளினில் இருந்த ராபர்ட் ஃபர்ச்காட். முயலின் பெருந்தமனியை நாடாவாக வெட்டி, அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருளை விட்டால் அது சுருங்கும் என்பது அவருடைய ஆய்வகத்தின் பழைய அனுபவம். ஒரு நாள் சோதனை வரிசையில் ஏற்பட்ட பிசகில், சுருங்க வேண்டிய தமனி தளர்ந்தது. துருவிப் பார்த்ததில் விஷயம் வெளிவந்தது. வெட்டும்போது உட்பக்கம் எங்காவது உரசி எண்டோதீலியம் அழிந்துபோனால் சுருங்குகிறது. அது பத்திரமாக இருந்தால் தளர்கிறது. 1980இல் ஜவாட்ஸ்கியோடு சேர்ந்து அதை எழுதினார். அந்தச் செல்கள் வெளிவிடும் ஏதோ ஒன்றுதான் தசையைத் தளர்த்துகிறது. அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்று பிறகு தெரிந்தது. 1998இல் லூயி இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகியோருடன் நோபல் பரிசு. நம் ஊரில் நெஞ்சுவலிக்காரர்கள் சட்டைப் பையில் வைத்திருந்து நாக்குக்கு அடியில் ஒதுக்கும் சார்பிட்ரேட், அதே வாயுவை வெளியிலிருந்து கொடுக்கும் ஏற்பாடுதான்.

ரத்தம் உரசுவதே நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கவைக்கும் முதன்மையான தூண்டுதல். கனடாவில் லாங்கில், ஓடானல் இருவரும் 1986இல் முயலின் கழுத்துத் தமனியில் ஓட்டத்தைக் குறைத்தார்கள். இரண்டு வாரத்தில் தமனி ஓட்டத்துக்கு ஏற்பத் தன்னைக் குறுக்கிக்கொண்டது. உட்படலத்தை நீக்கிவிட்டுச் செய்தபோது குறுகவில்லை. குழாயின் அகலத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் தசையிடம் இல்லை, மேற்பூச்சு என்று நினைத்த அந்தச் செல்களிடம் இருந்தது.

செல்கள் ஓட்டத்தை எப்படி அறிகின்றன என்பதற்கு ஒற்றை விடை கிடையாது. செல்லின் சவ்வில் பீசோ1 என்ற வாயில் இருக்கிறது. இழுபட்டால் திறந்து கால்சியத்தை உள்ளே விடும். அதைக் கண்டெடுத்த ஆர்டெம் படபூட்டியன் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். செல்லும் செல்லும் கைகோத்திருக்கும் சந்தில் மூன்று புரதங்கள் சேர்ந்து இன்னொரு உணர்கருவியாக வேலை செய்கின்றன. சவ்வின் மேல் ரோமம்போல் நிற்கும் சர்க்கரைச் சங்கிலிகளுக்கும் பங்குண்டு. யார் முதல், யார் துணை என்று ஆய்வகங்களுக்கிடையே வழக்கு நடக்கிறது. தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உணர்ந்தபின் செல் என்ன செய்கிறது என்பதே நமக்கு முக்கியம்.

அதைக் காட்டியது பாஸ்டன். எம்.ஐ.டி.யின் ஃபோர்ப்ஸ் டூயி, மருத்துவரான மைக்கேல் கிம்ப்ரோன், பீட்டர் டேவிஸ் குழுவினர் 1981இல் ஒரு தட்டில் எண்டோதீலியச் செல்களை வளர்த்து, மேலே ஒரு கூம்பைச் சுழலவிட்டார்கள். கூம்பு சுழல, இடையில் உள்ள திரவம் செல்களை ஒரே சீரான விசையோடு உரசும். ஓட்டமில்லாத தட்டில் செல்கள் கோணல்மாணலான பலகோணங்களாகக் கிடக்கும். சீரான உரசல் கிடைத்த ஓரிரு நாளில் அவை நீண்டு, ஓட்டத்தின் திசையில் அணிவகுத்தன. நல்ல தமனியின் நேர்ப்பகுதியில் நுண்ணோக்கி காட்டும் உருவம் அதே. கிளைகளின் புடைப்பில் செல்கள் திசை தெரியாமல் உருண்டையாகக் கிடப்பதும் இதனால்தான்.

உருவம் மாறுகிறதென்றால் உள்ளே கட்டளை மாறியிருக்க வேண்டும். 1990களில் கிம்ப்ரோனின் குழு அந்தக் கட்டளைகளைத் தேடிக் கருவுக்குள் போனது. சீரான ஓட்டத்தில் மட்டும் விழிக்கும் மரபணுக்கள் சில அகப்பட்டன. நைட்ரிக் ஆக்சைடைச் செய்யும் நொதியின் மரபணு அவற்றில் ஒன்று. அதே அளவு உரசலை ஒழுங்கில்லாத ஓட்டமாகக் கொடுத்தால் அவை விழிக்கவில்லை. விசையின் அளவை மட்டுமல்லாமல், அதன் போக்கையும் செல் படிக்கிறது என்பதற்கு இது ஆதாரம்.

2004இல் அதே பாஸ்டன் வட்டாரத்தில் நடந்த சோதனை அழகானது. மனிதக் கழுத்துத் தமனியில் கட்டி வராத இடத்திலும் வரும் இடத்திலும் ரத்தம் ஓடும் தாளத்தை எடுத்து, இரண்டு தட்டுகளில் அப்படியே ஓட்டிக் காட்டினார்கள். தட்டில் இருந்தவை பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடிச் சிரையிலிருந்து எடுத்த செல்கள். கொழுப்பையோ புகையையோ முதுமையையோ காணாத செல்கள். ஒரு தாளத்தைக் கேட்டவை அமைதியடைந்தன. மறு தாளத்தைக் கேட்டவை வீக்கத்துக்கான மரபணுக்களைத் திறந்து, வெள்ளணுக்களை அழைக்கும் ஒட்டுப் புரதங்களை நோக்கிச் சாய்ந்தன. ஓட்டத்தின் தாளம் மட்டுமே வேறு.

அந்த அமைதியின் பின்னால் கேஎல்எஃப்2 என்றொரு புரதம் இருக்கிறது. 2002இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் அதை ஓட்டத்தோடு இணைத்தார்கள். அதன் வேலை மற்ற மரபணுக்களை ஏற்றி இறக்குவது. சீரான உரசல் கிடைத்தால் அது பெருகும். நைட்ரிக் ஆக்சைடு நொதி கூடும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் திராம்போமாடுலின் கூடும். ஒட்டுப் புரதங்கள் குறையும். உரசல் ஓய்ந்தால் அது ஓய்ந்துவிடும். இதில் எவரும் திட்டமிடாத ஒரு செய்தி உண்டு. கொலஸ்டிராலைக் குறைக்கவென்று கோடிக்கணக்கானோர் இரவில் விழுங்கும் ஸ்டாட்டின் மாத்திரைகள், வளர்ப்புத் தட்டில் உள்ள செல்களில் கேஎல்எஃப்2வை உயர்த்துகின்றன என்று 2005இல் தெரியவந்தது. மருந்து தயாரித்தவர்கள் இதை எண்ணித் தயாரிக்கவில்லை.

தட்டில் நடப்பது உடலில் நடக்குமா என்ற கேள்விக்கு ஜார்ஜியா டெக்கிலும் எமரி பல்கலைக்கழகத்திலும் பணிபுரியும் ஹான்ஜூங் ஜோ ஒரு முடிச்சால் பதில் சொன்னார். சுண்டெலியின் இடது கழுத்துத் தமனிக்கு மேலே நான்கு கிளைகள். மூன்றை நூலால் கட்டிவிட்டு ஒன்றை விட்டுவைத்தார்கள். அந்தப் பக்கத்தில் ஓட்டம் மந்தமாகி முன்பின்னாக ஆடத் தொடங்கியது. வலது பக்கத்தைத் தொடவில்லை. கொழுப்பு மிகும் இயல்புள்ள எலிகளுக்குக் கொழுப்புத் தீனியும் கொடுத்தபோது, கட்டிய பக்கத்தில் இரண்டே வாரத்தில் கட்டி முளைத்தது. வலது தமனி சுத்தம். ஒரே எலி, ஒரே தீனி, ஒரே கொலஸ்டிரால். 2009இல் வெளிவந்த இந்த முறை, இத்தனை வருட விவாதத்தில் இருந்த 'ஒருவேளை'யை நீக்க உதவியது. பிணக்கூறாய்வுத் தமனிகளை வைத்து, தாழ்ந்த உரசலும் கட்டியும் சேர்ந்தே காணப்பட்டன என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. எது எதை உண்டாக்கியது என்று விரல் நீட்ட முடியவில்லை.

அதே முடிச்சு இன்னொரு பாடமும் சொல்கிறது. கொழுப்பு மிகாத எலியில் ஓட்டத்தைக் கெடுத்தால் செல்கள் நிலைகுலைகின்றன, கொழுப்புக் கட்டி வருவதில்லை. ஓட்டம் இடத்தைக் குறிக்கிறது. அங்கே வந்து நிற்பது என்ன என்பதை உணவும் புகையும் சர்க்கரையும் பரம்பரையும் முடிவு செய்கின்றன. "ஓட்டந்தான் காரணமாம், அப்புறம் எதற்கு மாத்திரை?" என்று கேட்பவருக்கு எலியே பதில் வைத்திருக்கிறது.

2014இல் கதை இன்னும் உள்ளே போனது. மரபணுவின் எழுத்து மாறாமலேயே அதன்மேல் மெத்தில் என்ற சிறு வேதிமுத்திரை விழுந்தால் அது வாயடைத்துப்போகும். கெட்ட ஓட்டத்தில் இந்த முத்திரையைக் குத்தும் நொதி பெருகுகிறது என்றும், காப்பாக இருந்த மரபணுக்கள் சில அதனால் அடங்கிப்போகின்றன என்றும் ஜோவின் குழுவும், சான் டியேகோவில் ஷூ சியனின் குழுவும் அதே வருடம் காட்டின. முத்திரையைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்த எலிகளில் கட்டி குறைந்தது. அந்த வகை மருந்து ரத்தப் புற்றுநோய் வகைகளில் பயன்படுவது; ஆயுள் முழுக்க இதயத்துக்காக விழுங்கத் தக்கதல்ல. 2020இல் செல்களைத் தனித்தனியாகப் பிரித்துப் படித்தபோது, முடிச்சுப் போட்ட இரண்டு வாரத்தில் எண்டோதீலியச் செல்களில் சில தங்கள் குலத்தையே மறந்திருந்தன. சில இணைப்புத் திசுவின் குணத்தையும், சில நோயெதிர்ப்புச் செல்லின் குணத்தையும் காட்டின.

இப்படி எல்லாவற்றையும் நல்ல ஓட்டம், கெட்ட ஓட்டம் என்று இரண்டு பெட்டியில் போடுவது வசதி. உடல் அந்த வசதிக்குக் கட்டுப்படுவதில்லை. பென்சில்வேனியாவில் பீட்டர் டேவிஸின் குழு, நோயில்லாத பன்றிகளின் பெருந்தமனி வில்லில் சுழல் ஓட்டமுள்ள பகுதியின் செல்களைப் பரிசோதித்தது. வீக்கத்துக்கான மரபணுக்கள் சற்றே ஏறியிருந்தன. அவற்றோடு, ஆக்சிஜன் நஞ்சிலிருந்து காக்கும் மரபணுக்களும் ஏறியிருந்தன. நோய் வரவில்லை, வருமானால் எதிர்கொள்ளும் பதற்றத்தோடு அந்தச் செல்கள் வாழ்க்கை நடத்துகின்றன.

சுழலே வேண்டாத பொருள் என்றும் சொல்ல முடியாது. இதயத்திலிருந்து பெருந்தமனி கிளம்பும் வாயில் மூன்று சிறு குழிகள் உண்டு. அங்கே ரத்தம் சுழல்வதை 1513 வாக்கில் லியனார்டோ டா வின்சி வரைந்து வைத்தார். அந்தச் சுழல்தான் வால்வின் இதழ்களை மூட உதவுகிறது என்றும் ஊகித்தார். ஆக்ஸ்ஃபோர்டில் 1960களின் இறுதியில் மாதிரி செய்து பார்த்தபோது அவர் ஊகம் பெருமளவு சரியாக இருந்தது. சுழல் இல்லாவிட்டால் வால்வு இவ்வளவு நயமாக மூடாது. ஆனால் அதே வால்வுக்கு வயதாகிச் சுண்ணாம்பு ஏறும்போது, சுழலைப் பார்த்திருக்கும் பெருந்தமனிப் பக்கத்தில்தான் ஏறுகிறது. சீரான ஓட்டம் கழுவிச் செல்லும் இதயப் பக்கம் பெரும்பாலும் தப்புகிறது. ஓர் ஏற்பாட்டின் பயனும் அபராதமும் ஒரே இதழின் இரு புறங்களில் இருக்கின்றன.

இவ்வளவு தெரிந்தும் மருத்துவமனையில் என்ன மாறியிருக்கிறது என்று கேட்டால், குறைவுதான். கிளையை நீக்க முடியாது. கிளை இல்லாமல் மூளைக்கும் கைக்கும் ரத்தம் போக வழியில்லை. ஓட்டத்தைப் படித்து அடுத்த அடைப்பு எங்கே வரும் என்று சொல்லும் கணினிக் கணக்குகள் ஆய்வுகளில் இருக்கின்றன, சாதாரண ஓ.பி. அறையில் இல்லை. 'எத்தனை பர்சென்ட் பிளாக்' என்ற ஒற்றை எண்ணில்தான் டாக்டரும் நோயாளியின் மகனும் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். அந்த எண்ணே ஏமாற்றக்கூடியது என்று கிளாகோவ் 1987இல் எழுதிவிட்டார். கட்டி வளர வளரத் தமனியும் வெளிப்பக்கமாக விரிந்து இடம் கொடுக்கிறது. தமனியின் சுவர் சூழ்ந்த உட்பக்கக் குறுக்குப் பரப்பில் சுமார் 40 சதவீதத்தைக் கட்டி பிடிக்கும்வரை உள்வழி குறுகுவதில்லை. ஆஞ்சியோ காட்டுவது உள்வழியை மட்டும். நோய் பாதி வழி வந்த பிறகே அந்தப் படத்தில் தலைகாட்டுகிறது.

ஓட்டத்தை மாற்ற எவரிடமும் உள்ள ஒரே கருவி அசைவு. தசை வேலை செய்தால் ரத்தம் வேகமெடுக்கும், உரசல் கூடும், பின்னோக்கி ஆடுவது குறையும். உடற்பயிற்சியின் பலனில் ஒரு பங்கு, எடை குறையாவிட்டாலும் கொலஸ்டிரால் இறங்காவிட்டாலும், இந்த வழியாக வருகிறது என்று கருத நல்ல ஆதாரம் இருக்கிறது. எதிர்த்திசையிலும் ஆதாரம் உண்டு. மிசூரி பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வில், ஆறு மணிநேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆரோக்கியமான இளைஞர்களின் முழங்கால் பின்புறத் தமனி, ரத்தம் பாய்ந்தால் விரியும் திறனைப் பெருமளவு இழந்திருந்தது. பத்து நிமிடம் நடந்ததும் மீண்டது.

அதே இடத்தில் 2016இல் இன்னொரு சோதனை. 11 பேரை மூன்று மணிநேரம் உட்காரவைத்து, ஒரு காலை மட்டும் ஒரு நிமிடம் ஆட்டி நான்கு நிமிடம் நிறுத்தச் சொன்னார்கள். மற்றக் காலை அசைக்கக் கூடாது. முடிவில் சும்மா இருந்த காலின் தமனி மந்தித்திருந்தது. ஆட்டிய காலின் தமனி முன்பைவிட நன்றாக விரிந்தது. 11 பேர் சிறு கூட்டம். அளந்தது தமனியின் விரிவை, மாரடைப்பை அல்ல. காலாட்டுவது நடைக்கு ஈடுமல்ல. ஆனாலும், பேருந்தில் ஜன்னலோரம் எட்டு மணிநேரம் போகிறவரும், இந்தக் கட்டுரை முடியும்வரை நாற்காலியை விட்டு எழாதவரும், உட்கார்ந்து காலாட்டினால் வீட்டுக்கு ஆகாது என்று சொல்லும் பெரியவர்களிடம் இந்தச் சோதனையைத் தாராளமாக எடுத்துச் சொல்லலாம்.